முதல் பன்னிரண்டு நாட்கள்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

இன்று காலை ஒன்பது பத்துக்கு உலகம் அழிந்தது. சிங்காநல்லூரில் யாரும் கவனிக்கவில்லை. பால்காரர் வழக்கம்போல அரை லிட்டர் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அழிவு திருப்பூரிலிருந்து போன் வழியாக வந்தது. பேசியவர் தெய்வானை அம்மணி. பனியன் துணிக்கு டிசைன் போட்டுத் தரும் கம்பெனி நடத்துகிறவர். நம் 'சித்திரகுப்தன்' மென்பொருளை இன்னும் கைவிடாத பதினோரு வாடிக்கையாளர்களில் முதன்மையானவர்.

சித்திரகுப்தன் என்றால் என்ன என்பதை, ஆயிரம் ஆண்டு கழித்து இந்த நோட்டைத் தோண்டி எடுக்கப்போகும் தொல்லியல் துறைக்காக எழுதி வைக்கிறேன். ஒரு கோப்பை யார், என்றைக்கு, எப்படி மாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் பதிந்து வைக்கும் மென்பொருள். எமதர்மன் சபையில் ஒருவர் மனிதர்களுக்குச் செய்கிற வேலையை இது கோப்புகளுக்குச் செய்கிறது. இரண்டு பேர் ஒரே கோப்பை மாற்றினால், தேதி பார்த்துப் புதியதை மேலே வைக்கும், பழையதைக் கீழே தள்ளும். பொய் சொல்லாது. இதைப் படைத்தவன் நாச்சிமுத்து ஆகிய நான். வயது அறுபத்தொன்று, நித்திய பிரம்மச்சாரி, ஊருக்கே மாமா.

"ஏனுங் மாமா, உங்க சித்திரகுப்தனுக்கு மூளை கலங்கிருச்சுங்களா? இன்னைக்குக் காலைல போட்ட டிசைனு மார்ச் ரெண்டாந் தேதினு காட்டுதுங்."

"அம்மணி, அது வருங்காலமும் பாக்குது. மார்ச் ரெண்டாந் தேதி திருப்பூர்ல மழை இருக்குதானு கேட்டுச் சொல்லுங்."

"வெளையாடாதீங். இனி மார்ச் வரைக்கும் யாரு என்ன மாத்தினாலும் இதுதான் புதுசுன்னு மேல உக்காந்துக்கும். எங்க பொழப்பு நாறிப் போயிரும்."

அரை மணியில் சரி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அரை மணி என்பது தேவலோகக் கணக்கு.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றைய டிசைன் ஏப்ரல் இரண்டாம் தேதி என்று காட்டுகிறது. ஒரே நாளில் ஒரு மாதம் முன்னேற்றம். இந்த வேகத்தில் போனால் நான் வருகிற வாரமே எழுபது வயதைத் தொட்டுவிடுவேன்.

மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினேன். பலனில்லை. மதியம் தக்காளி ரசம் வைத்தேன். அதிலும் பலனில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ஜூன் இரண்டு.

சிறுவாணித் தண்ணீர் எட்டு நாளைக்குப் பிறகு இன்று வந்தது. இரண்டு டிரம், ஏழு குடம், ஒரு அண்டா. பகீரதன் கங்கையைக் கொண்டுவந்தபோதுகூட இவ்வளவு முதுகு வலித்திருக்காது. ஒரு ஆளுக்கு எதற்கு ஏழு குடம் என்று எதிர் வீட்டு அம்மாள் கேட்டார். பழக்கம் என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று யாரும் கூப்பிடவில்லை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்யப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்ன அந்தப் பெண் குரல் மிகவும் மரியாதை தெரிந்தது. இரண்டு தடவை அழுத்தினேன்.

இன்று நான் வாயால் பேசிய வார்த்தைகள் மொத்தம் ஒன்பது. அதில் நாலு பூனையிடம். அது என் பூனையும் இல்லை.

மதியம் ஆபீஸ் அறையைப் பெருக்கினேன். வீட்டின் முன் அறைதான் ஆபீஸ். இரண்டு மேஜை. ஒன்று என்னுடையது. மற்றதில் துவைத்த துணியை மடித்து வைக்கிறேன். அந்த மேஜையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 12, புதன்

டிசம்பர் இரண்டு! ஆண்டின் கடைசி மாதத்துக்கே வந்துவிட்டோம். தெய்வானை அம்மணியின் குரலில் இப்போது நகைச்சுவை அறவே இல்லை. "மாமா, நாளைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா நாங்க வேற பாத்துக்கறோமுங்" என்றார். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

கடைசி அஸ்திரமாக அவர்கள் சர்வரின் கடிகாரத்தையே கழற்றி மாட்டினேன். அதாவது இங்கிருந்தபடியே நாலு பொத்தானை அமுக்கினேன். தேர்த் திருவிழாவுக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் வியர்வையில் பாதி எனக்கு வியர்த்தது.

பிப்ரவரி 13, வியாழன்

வெற்றி! பதினான்கு லோகங்களிலும் முரசு கொட்டட்டும்! இன்றைய டிசைன் பிப்ரவரி பதின்மூன்று என்று, பிறந்த குழந்தை சிரிப்பதுபோலச் சரியாகக் காட்டுகிறது.

"எப்படிங் மாமா பண்ணுனீங்?" என்றார் அம்மணி.

"காலத்தோட காதைப் புடிச்சுத் திருகுனேனுங்."

எனக்கே தெரியாது என்பது இந்த நோட்டுக்கு மட்டும்.

பிப்ரவரி 22, சனி

ஒன்பது நாளாக எந்தக் குறையும் இல்லை. பிழையில்லாத மென்பொருளுக்கு யாரும் போன் செய்வதில்லை. என் போன் கெட்டுவிட்டதோ என்று என் லேண்ட்லைனிலிருந்து என் செல்லுக்கு நானே கூப்பிட்டுப் பார்த்தேன். மணி நன்றாகத்தான் அடிக்கிறது.

மார்ச் 1, சனி

திரும்ப வந்துவிட்டது. இன்றைய வேலையை ஜனவரி மூன்றாம் தேதி என்று காட்டுகிறது. போன மாதம் எதிர்காலம், இந்த மாதம் இறந்த காலம்.

அம்மணி திட்டவில்லை. "சரிங் மாமா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 3, திங்கள்

இன்று சரியாக இருக்கிறது. நான் எதையுமே தொடவில்லை! முரசை அடிக்க எடுத்துவிட்டு, ஒரு சந்தேகத்தில் கீழே வைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஏப்ரல் மூன்று.

சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். கிழித்த தாள்களை நான் எறிவதில்லை, மளிகைச் சீட்டு எழுத வைத்திருப்பேன். அவற்றைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் சித்திரகுப்தன் காட்டிய தேதியை எழுதினேன்.

பிப்ரவரி நாலு, ஏப்ரல் இரண்டாகிறது. பிப்ரவரி பன்னிரண்டு, டிசம்பர் இரண்டாகிறது. நாளும் மாதமும் இடம் மாறி உட்காருகின்றன. மார்ச் மூன்று மட்டும் தப்பித்தது, ஏனென்றால் மூன்றும் மூன்றும் இடம் மாறினாலும் மூன்றும் மூன்றும்தான். பதின்மூன்றாம் தேதியிலிருந்து சரியாகிவிடுகிறது, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று எந்த லோகத்திலும் இல்லை.

காலத்தின் காதை நான் திருகவே இல்லை. பன்னிரண்டு நாள் முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உடனே போன் போட்டேன். "அம்மணி, ஜனவரிக்கு அப்புறம் புதுசா கம்ப்யூட்டர் ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"கம்ப்யூட்டரு வரலீங். ஆளுதான் வந்தாரு. டிசைனரு. அமெரிக்காவுல பத்து வருசம் இருந்துட்டு வந்தவரு, அவரோட லேப்டாப்பையே கொண்டாந்து வேலை செய்யறாரு."

அமெரிக்காக்காரர்கள் மாதத்தை முதலில் எழுதி, நாளைப் பிறகு எழுதுகிறவர்கள். அவர் லேப்டாப் அவர்கள் வழக்கப்படி எழுதுகிறது. சித்திரகுப்தன் நம்மூர் வழக்கப்படி படிக்கிறது. பதினாறு வருடமாக இந்த ஓட்டை உள்ளேயே இருந்திருக்கிறது. இப்படி ஒரு லேப்டாப் நம்மிடம் வந்ததே இல்லை, அதனால் தெரியவில்லை.

வந்ததே இல்லை என்று எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை. ஒன்று வந்தது.

மார்ச் 5, புதன்

சித்திரகுப்தனைப் படைத்தது நான் என்று எழுதியிருக்கிறேன். பாதிதான் நான். தேதியை எழுதும் பகுதி, அந்த இரண்டாவது மேஜைக்காரன் அருளப்பன் செய்தது. படிக்கும் பகுதி என்னுடையது.

இன்று என் பகுதியைத் திறந்து பார்த்தேன். 2009இல் எழுதியது. அதில் ஒரு குட்டித் தந்திரம் வைத்திருக்கிறேன். மாதம் பன்னிரண்டைத் தாண்டினால், நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டுக்கொள். பக்கத்தில் எனக்கு நானே எழுதிய குறிப்பும் இருக்கிறது: "யாருக்கும் தெரிய வேண்டாம்." அந்த ஒரு வரி இல்லாதிருந்தால், பதின்மூன்றாம் தேதி அன்றே சித்திரகுப்தன் 'எனக்குப் புரியவில்லை' என்று ஓலமிட்டிருக்கும். அந்த ஒரு லேப்டாப் வந்த முதல் நாளே நாங்கள் பிடித்திருப்போம். என் சாமர்த்தியம் அதன் வாயைப் பொத்திவிட்டது.

அந்த வரியை அடித்தேன். இனி எந்த லேப்டாப்பாக இருந்தாலும் வருடம், மாதம், நாள் என்று ஒரே வரிசை. பழைய பதிவுகளை, எந்தக் கணினி எழுதியதோ அதன் வழக்கப்படி படிக்கவும் வழி செய்தேன். மத்தியானம் முடிந்தது. சோதனைக்கு எங்கள் சொந்தப் பதிவுகள் அத்தனையையும் ஓடவிட்டேன். நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் வரிகள்.

ஒரே ஒரு வரி இடம் மாறியது.

தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

காலையிலிருந்து அந்த வரியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சோறு வைக்கவில்லை. ரஸ்க் போதும்.

எழுதித்தான் ஆகவேண்டும்.

அருளப்பனும் நானும் எட்டு வருடம் இந்த அறையில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்தவர்கள். 2014 பொங்கல் முடிந்ததும் அவனுடைய சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு வாரம் அதில் வேலை பார்த்தான், எல்லாம் பன்னிரண்டைத் தாண்டிய தேதிகள். பிப்ரவரி பிறந்ததும் அது நெட்டைப் பிடிக்காமல் படுத்துக்கொண்டது. அலமாரியில் ஏற்றிவிட்டுப் புதிது வாங்கினான்.

அந்த பிப்ரவரியில்தான் நான் மென்பொருளுக்குப் புது முகப்பு செய்யத் தொடங்கினேன். எட்டு மாத வேலை. நடுவில் அது வேண்டுமா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரும் போர். செப்டம்பர் கடைசியில் சமாதானம் ஆனோம். "சரி மாமா, உங்க முகப்பு இருக்கட்டும். நான் கை வெக்க மாட்டேன்" என்றான்.

அக்டோபர் இரண்டாம் தேதி ஆயுத பூஜை. கணினிகளை எல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அணைத்துவிட்டோம். அன்றைக்கு எதையும் தொடுவதில்லை. பூசணிக்காய் உடைத்தவன் அருளப்பன்தான். அதில் அவனுக்குக் குறி தவறாது. மறுநாள் விஜயதசமி. ஆயுதங்களை மறுபடி தொட்டு எழுப்ப வேண்டும். எல்லாவற்றையும் எழுப்பினோம்.

நாலாம் தேதி திறந்தால், என் எட்டு மாத முகப்பைக் காணோம். பழைய முகப்பு நிற்கிறது. பதிவில் ஒரு வரி: அருளப்பன், அக்டோபர் 2, காலை 11.20. "மாமாவின் குப்பையை வாரிக் கொட்டியாச்சு."

முகப்பைத் திரும்பக் கொண்டுவர எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. சித்திரகுப்தன் எதையும் தொலைக்காது. ஆனால் கை வைக்க மாட்டேன் என்று சொன்னவன் வைத்திருக்கிறான், அதுவும் சந்தனம் காயாத கணினியில், பூஜை நாளில். "சத்தியமா நானில்லை மாமா" என்றான். பதிவு பொய் சொல்லாது என்றேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். அன்று போனவன்.

நேற்று அந்த வரி போய் உட்கார்ந்த இடம் 2014 பிப்ரவரி 10. அமெரிக்க லேப்டாப் எழுதியது. மாதம் இரண்டு, நாள் பத்து. என் பகுதி அதை நாள் இரண்டு, மாதம் பத்து என்று படித்திருக்கிறது. பிப்ரவரி பத்தாம் தேதி என்ன நடந்தது என்று மற்ற பதிவுகளைத் தேடினேன். நானே அவனுக்கு எழுதியிருக்கிறேன்: "அருளு, என் பரிசோதனைக் குப்பையை எல்லாம் தூக்கி எறி, புதுசாத் தொடங்கறேன்." அவன் எறிந்திருக்கிறான். நெட் இல்லாததால் அந்த வரி மட்டும் அந்த லேப்டாப்பின் வயிற்றிலேயே எட்டு மாதம் தூங்கியிருக்கிறது.

விஜயதசமி அன்று அதை எழுப்பியது யார்? பழைய ஆயுதமானாலும் ஆயுதம்தான் என்று அலமாரியிலிருந்து இறக்கி, துடைத்து, பொட்டு வைத்து, புது வயரைச் செருகி நெட்டில் மாட்டியது யார்?

நான்.

மார்ச் 7, வெள்ளி

அருளப்பன் வீடு போத்தனூரில், இங்கிருந்து ஒரே பஸ். முக்கால் மணி நேரம். பதினோரு வருடம் ஆயிற்று போக.

கையில் இரண்டு தாள். திருத்துவதற்கு முன், திருத்திய பின். இன்னொரு கையில், அவனுக்குப் பிடித்த கடையில் வாங்கிய மட்டன் பிரியாணி, நாலு பேர் சாப்பிடும் அளவு. பஸ்ஸில் அதன் மணத்துக்கு மூன்று பேர் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். சரி, ஒருவர்.

கதவைத் திறந்தது ஜெயசீலி, அருளப்பன் மனைவி. முன்பெல்லாம் 'அண்ணா' என்று கூப்பிடுவாள். இன்று எதுவும் கூப்பிடவில்லை.

"குளிச்சுட்டிருக்காரு. உக்காருங்" என்று வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். உள்ளே இல்லை. வாசலில்.

அருளப்பன் துண்டோடு வந்தான். தலை முழுக்க வெள்ளை. "வாங்க" என்றான். 'மாமா' வரவில்லை. தாள்களைக் கொடுத்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்த உரையை நிகழ்த்தினேன். அவன் நின்றபடியே படித்தான்.

"அலமாரியிலிருந்து எறக்குனது யாரு?"

"நான்தான்."

"நெட்டுல மாட்டுனது?"

"நான்தான் அருளு."

"ம்." தாள்களை மடித்தான். "எனக்கு அந்த வாரமே தெரியும். வீட்டுக்கு வந்து ஒக்காந்து யோசிச்சேன். ரெண்டாம் மாசம், பத்தாந் தேதி. மூணே நாள்ல புடிச்சுட்டேன்."

நாற்காலியின் நுனிக்கு வந்தேன். "தெரிஞ்சா ஏன்டா சொல்லலை? ஒரு போன் போட்டிருந்தா..."

"நாந்தான் வேண்டாம்னேன்" என்றாள் ஜெயசீலி. கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றிருந்தாள். "சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்? 'அடடா, தேதி தப்பு'ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, உள்ள வந்து டீ குடிச்சிருப்பீங். நீங்க சொன்ன வார்த்தையும் அதோட சேந்து போயிருக்கும்."

பிரியாணிப் பையை நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.

"மறந்துட்டீங்களா? நான் அன்னைக்கு இவருக்குச் சோறு கொண்டாந்து அங்கதான் நின்னேன். 'வேற சாமி கும்பிடறவனக் கூட வெச்சுக்கிட்டா இப்படித்தான், பூஜையும் தெரியாது, புண்ணியமும் தெரியாது'ன்னீங். எட்டு வருசமா அந்த மிசினுக்கெல்லாம் பூ கட்டிக் குடுத்தது யாருங்? காலைல ஆறு மணிக்கு மார்க்கெட் போயி, நாலு மொழம் நாலு மொழமா, ஒவ்வொண்ணுக்கும் அளவு பாத்துக் கட்டுனேன். தேதி தப்பா இருந்துச்சு, செரி. நீங்க சொன்னது தேதி இல்லீங்களே."

மறக்கவில்லை. நேற்று இந்த நோட்டில் 'சில வார்த்தைகள்' என்று எழுதினேனே, அவை இவைதான்.

மனப்பாட உரையில் இதற்கு ஒரு வரியும் இல்லை. எழுந்து நின்றேன்.

"தங்கச்சி, நான் சொன்னது தப்பு. அந்த லேப்டாப்பு இல்லைன்னாலும் தப்பு. இவன் நெசமாவே அன்னைக்குக் கை வெச்சிருந்தாலும் நான் சொன்னது தப்புத்தான்."

போத்தனூர் ஜங்ஷனில் ஒரு ரயில் வந்து நின்று, கிளம்பிப் போயிற்று.

அருளப்பன்தான் மூக்கை உறிஞ்சினான். "அதென்ன பையில?"

"மட்டன் பிரியாணி. உனக்குப் புடிக்குமேன்னு..."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு என்ன கெழமை மாமா?"

"வெள்ளி."

"முந்தாநாள் சாம்பல் புதன். எங்க சர்ச்சுல தவக்காலம் தொடங்கியாச்சு. அதுல வெள்ளிக்கெழமை கறியே தொடமாட்டோம்." அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. "பதினோரு வருசங் கழிச்சுத் தேதியைச் சரி பண்ணிட்டீங். கெழமை இன்னும் கத்துக்கலை!"

அவன் சிரித்தான். நானும் சிரிக்கப் போனேன், ஜெயசீலி சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினேன். அவள் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"திங்கக்கெழமை மத்தியானம் வாங்க" என்றாள். "பருப்புக் கொழம்புதான் வெப்பேன். உப்புக் கொறச்சலா இருக்கும், இவருக்குப் பிரஷரு. பேச்சையும் கொறச்சுக்கிட்டு வாங்க."

அண்ணா என்று கூப்பிடவில்லை.

பிரியாணியைத் திரும்பக் கொண்டுவந்து எதிர் வீட்டு அம்மாளிடம் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் ஐந்து பேர்.

மார்ச் 8, சனி

தெய்வானை அம்மணி கூப்பிட்டார். இன்றைய டிசைன் மார்ச் எட்டு என்றே காட்டுகிறதாம்.

"இந்தத் தடவை எதைத் திருகுனீங் மாமா?"

"ஒண்ணும் திருகலீங். இதை ரெண்டு பேரு சேந்து செஞ்சோமுங் அம்மணி. தப்பு என்னோட பாதியில இருந்துச்சு."

"மாமா, உங்களுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாவது மேஜையிலிருந்த துணியை பீரோவில் வைத்தேன். மேஜையைத் துடைத்தேன். தூசி இருந்தது.

மார்ச் 10, திங்கள்

பதினொன்றே முக்கால் பஸ். சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன். அங்கே என்ன பேசுவது என்று ஒரு பக்கம் எழுதினேன். இதிகாசம் மாதிரி வந்தது. கிழித்துப் போட்டேன். மறுபடி நாலு வரி எழுதினேன். அதையும் கிழித்தேன்.

பயமாக இருக்கிறது. போகிறேன்.